டர்பன் கப்பல் பட்டியலும் மதுரை புரோக்கரும்

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பி 1890-களில் கூலி ஒப்பந்தத்தில் கப்பல் ஏறித் தென்னாப்பிரிக்கா போனார் என்பார்கள். இப்போது டர்பனிலிருந்து ஒரு குடும்பம் தங்கள் பாட்டனாரின் கப்பல் பட்டியல் நகலை அனுப்பி, 'நாம் சொந்தமா?' என்று கேட்கிறது. மதுரையில் ஒருவர் 40,000 ரூபாய்க்கு வம்சாவளிச் சான்று வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? (திருமங்கலம் வாசகர்)

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள். தாசில்தார் தருவது வாரிசுச் சான்று. நூறு வருஷத்துக்கு முன் கடல் தாண்டியவருக்கும் உங்களுக்கும் உள்ள உறவுக்கு அதில் இடமில்லை. இந்த ஆட்கள் ரப்பர் ஸ்டாம்ப் அடித்த தாள் ஒன்றைக் கொடுப்பார்கள். சிலர் ஏதோ ஒரு கிராமத்தில் ஒரு குடும்பத்தைப் பிடித்து, சொந்தம் என்று சொல்ல வைத்து, டர்பன்காரர்களிடம் தனியாகப் பணம் பறிப்பார்கள்.

உண்மையான ஆதாரம் உங்கள் கையிலேயே இருக்கிறது. 1860 முதல் 1911 வரை கூலி ஒப்பந்தத்தில் நேட்டாலுக்கு (டர்பன் இருக்கும் பகுதிக்கு அப்போதைய பெயர்) கப்பல் ஏறிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று எழுதி வைத்தார்கள். டர்பனிலிருந்து வந்த நகலில் உள்ள அந்த ஒரு வரியை நிதானமாகப் படியுங்கள்.

'மதுரா ஜில்லா' என்று இருந்தால் இன்றைய மதுரை மாவட்டம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். ராமநாதபுரம் தனி ஜில்லா ஆனது 1910-இல். அதற்கு முன் ராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்கள் மதுரா ஜில்லாவில்தான் இருந்தன. திண்டுக்கல் பிரிந்தது 1985-இல், தேனி 1996-இல். ஆகவே பரமக்குடிப் பக்கத்துக்காரரும் பெரியகுளத்துக்காரரும் அதில் 'மதுரா'தான். தாலுகாவைப் பார்த்தால்தான் விடிவு. அதிலும் ஒரு சிக்கல்: உசிலம்பட்டி அப்போது திருமங்கலம் தாலுகாவில் இருந்தது. எனவே திருமங்கலம் என்று போட்டிருந்தால் அந்தப் பக்கத்துக் கிராமங்களையும் சேர்த்துத் தேட வேண்டும்.

ஊர்ப் பெயரைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். 'செல்லம்புட்டி' என்று இருந்தால் அது செல்லம்பட்டி. வாய்விட்டுப் படித்து, வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

அப்புறம் தகப்பன் பெயர். பேரனுக்குப் பாட்டன் பெயர் வைக்கும் நம் வழக்கத்தால் அந்தப் பெயர் உங்கள் பங்காளிகளில் திரும்பத் திரும்ப வரும். குலதெய்வக் கோயிலில் சிவராத்திரிக்கு வரி பிரிப்பவரிடம் தலைக்கட்டு நோட்டு (வரி கொடுக்கும் குடும்பங்களின் பட்டியல்) இருக்கும், அதைக் கேளுங்கள். ஆனால் பட்டியலை நீட்டிக்கொண்டு போய் நிற்காதீர்கள். நிலத்தில் பங்கு கேட்டு வருகிறார்கள் என்று பயந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். உறவு விசாரிக்க வந்ததாகச் சொல்லுங்கள், அதுதானே உண்மை.

பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகியிருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் மனு போடலாம். 'பழைய புக்கு இல்லை, அடுத்த வாரம் வாங்க' என்று அலைய விடுவார்கள். வாசலில் நிற்கும் ஆளிடம் காசு கொடுத்தால் அதே புத்தகம் கிடைத்துவிடுகிறது. மக்களின் சொந்தக் கதையைப் பூட்டி வைத்துக்கொண்டு அவர்களிடமே கூலி கேட்கும் இந்த வழக்கம் எப்போது ஒழியுமோ! மனுவை எழுத்தில் கொடுத்து, தேதியிட்ட ரசீது வாங்குங்கள். இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

இன்னொன்று. டர்பன்காரர்களிடம் அந்த வரி மட்டும் போதாது, முழுப் பக்கத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து கப்பல் ஏறுவது உண்டு. முன்னும் பின்னும் உள்ள எண்களில் அதே கிராமம் தென்பட்டால், அவர்கள் வீட்டார் இன்றும் அங்கே இருக்கிறார்களா என்று விசாரியுங்கள்.