பூச்சிக் குளிசை, உண்ணி மருந்து, தெள்ளு மருந்து: மலையகத்தில் நாய் பூனை வளர்ப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். கீழே வரும் அளவுகள் பெரும்பாலும் உடல் எடையைப் பொறுத்தவை. ஆகவே எடை பார்க்காமல் மருந்து கொடுக்க வேண்டாம். குட்டியையும் பூனையையும் துணிப்பையில் வைத்து மரக்கறி நிறுக்கும் தொங்கு தராசில் மாட்டலாம். பெரிய நாயென்றால் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, உங்கள் எடையைக் கழியுங்கள்.

கேள்வி (தலவாக்கலை): டொக்டர், நாய்க்குப் பூச்சிக் குளிசை கொடுத்தேன். மறுநாள் மலத்தில் ஒரு புழுவும் வரவில்லை. குளிசை பழையதா?

பதில்: புழு வெளியே வரவில்லை என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பைரான்டெல் என்ற மருந்து உருண்டைப்புழுவின் தசைகளை இறுக்கிப் பிடிக்கச் செய்து முடக்கிவிடும். பிடி விட்ட புழு மலத்தோடு வரும், சில நேரம் நெளிந்துகொண்டே வரும். கொக்கிப்புழுவும் அப்படித்தான் வெளியேறுகிறது. ஆனால் அது ஒரு சென்ரிமீற்றர் அளவில் நூல்போல இருப்பதால் யார் கண்ணிலும் படாது. நாடாப்புழுவின் கதை வேறு. பிரசிகுவாண்டல் அதன் உடலுக்குள் கல்சியத்தைப் பாயவிட்டு, மேல்தோலைச் சிதைக்கிறது. அந்தத் தோல் இருக்கும்வரைதான் குடலின் செரிமான நீரிலிருந்து அதற்குப் பாதுகாப்பு. தோல் போனதும் புழு குடலிலேயே கரைந்துவிடும், வெளியே வர எதுவும் மிஞ்சாது.

நீங்கள் பார்க்க வேண்டியது குளிசையில் என்னென்ன இருக்கிறது, எத்தனை கிலோவுக்கு ஒன்று என்பதை. 10 கிலோவுக்கு ஒன்று என்று விற்கப்படும் கூட்டுக் குளிசைகளில் வழக்கமாக பிரசிகுவாண்டல் 50 மி.கி., பைரான்டெல் எம்போனேற் 144 மி.கி., பெபான்டெல் (இதுவும் ஒரு பூச்சி மருந்து) 150 மி.கி. இருக்கும். 17 கிலோ நாய்க்கு ஒரே ஒரு குளிசை கொடுத்திருந்தால் அது அரைகுறை மருந்துதான்.

கேள்வி (மஸ்கெலியா): ஐந்து வாரக் குட்டிகள். வயிறு ஊதியிருக்கிறது, மலம் கறுப்பாகப் போகிறது, இரண்டு செத்துவிட்டன. தாய்க்குப் போன வருடம் பூச்சி மருந்து கொடுத்தோம். எப்படி வந்தது?

பதில்: முதலில் மிச்சமுள்ள குட்டிகளின் முரசைத் தூக்கிப் பாருங்கள். வெளிறி இருந்தால் இன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். கறுப்பு மலம் என்பது செரித்த இரத்தம். கொக்கிப்புழு குடல் சுவரைக் கடித்து இரத்தம் குடிக்கிறது. மருந்து புழுவை அகற்றும், போன இரத்தத்தைத் திருப்பித் தராது. இரத்தம் ஏற்றவோ இரும்புச் சத்து கொடுக்கவோ வேண்டியிருக்கலாம்.

எப்படி வந்தது என்றால், தாயிடமிருந்துதான். உருண்டைப்புழுவின் இளம்புழுக்கள் தாயின் தசைகளில் உறங்கிக் கிடக்கும். சினையின் கடைசிப் பகுதியில் விழித்து, நச்சுக்கொடி வழியாகக் குட்டியின் உடலுக்குள் போய்விடும். கொக்கிப்புழு தாய்ப்பாலில் போகிறது. சாதாரண பூச்சிக் குளிசை குடலிலுள்ள புழுவை மட்டுமே தொடும், தசையில் உறங்குவதைத் தொடாது. போன வருடம் கொடுத்தது இந்தக் குட்டிகளைக் காப்பாற்றாததற்குக் காரணம் அதுதான்.

அதனால்தான் குட்டிகளுக்கு 2, 4, 6, 8 வார வயதுகளில் பைரான்டெல் கொடுக்கிறோம். பிறகு ஆறு மாதம்வரை மாதம் ஒரு முறை, அதற்குப் பின் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. ஒவ்வொரு தடவையும் அப்போது குடலுக்கு வந்து சேர்ந்த புழுதான் போகும். இரண்டு வாரத்தில் அடுத்த கூட்டம் வந்து, முட்டையிடும் முன் பிடிபட வேண்டும். குட்டிகளுக்குக் கொடுக்கும் அதே நாட்களில் தாய்க்கும் கொடுங்கள், அது குட்டிகளை நக்கியே திரும்பவும் தொற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டிக்கு நச்சுக்கொடி வழியாக வருவதில்லை, பாலில்தான் வருகிறது. எனவே மூன்றாவது வாரத்தில் தொடங்கினால் போதும்.

அளவு: நாய்க்குட்டிக்குக் கிலோவுக்கு 5 மி.கி. பைரான்டெல். 5 மி.லீற்றரில் 250 மி.கி. பைரான்டெல் உள்ள பாணியில் ஒரு மி.லீற்றருக்கு 50 மி.கி. வரும், ஆகவே 2 கிலோக் குட்டிக்கு 0.2 மி.லீ. போதும். தேக்கரண்டியால் அளக்காதீர்கள், 1 மி.லீ. சிரிஞ்சு வாங்குங்கள். லேபிளில் ‘பைரான்டெல்’ என்றிருக்கிறதா, ‘பைரான்டெல் எம்போனேற்’ என்றிருக்கிறதா என்பதையும் பாருங்கள். எம்போனேற் 144 மி.கி.யில் பைரான்டெல் 50 மி.கி.தான்.

அடுத்த முறை தாய் சினைப்பட்டால், 40ஆம் நாளிலிருந்து ஈன்ற 14ஆம் நாள்வரை தினமும் பென்பெண்டசோல் (கிலோவுக்கு 50 மி.கி.) கொடுக்கும் முறை ஒன்று உண்டு. அது உறங்கும் இளம்புழுக்களைக் குறைக்கும். மிருக வைத்தியரோடு பேசிச் செய்யுங்கள்.

இன்னொன்று: நமது மலைப்பக்கத்து ஈர மண், மர நிழல், லயத்துக் கோடி எல்லாம் கொக்கிப்புழுவின் இளம்புழு உயிரோடு இருக்க ஏற்ற இடங்கள். மலத்தில் வந்த முட்டை பொரித்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் தோலைத் துளைக்கும் பருவத்துக்கு வந்துவிடும். வெறுங்காலோடு நடக்கும் பிள்ளைகளுக்கும் ஏறும். இந்தியா முதல் தென்கிழக்காசியா வரை மனிதக் குடலிலும் வளரக்கூடிய நாய்க் கொக்கிப்புழு ஒன்றுக்கு இலங்கையின் பெயரே அறிவியல் பெயராக இருக்கிறது: அன்சைலோஸ்டோமா சிலானிக்கம். மலத்தைத் தினமும் அள்ளிப் புதைத்தால் அந்த ஒரு வாரக் கணக்கு உடையும்.

கேள்வி (ஹற்றன்): பாமசியில் மனிதருக்கு விற்கும் பூச்சிக் குளிசையைக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். மெபெண்டசோல், அல்பெண்டசோல், பென்பெண்டசோல் மூன்றும் ஒரே குடும்பம். புழுவின் உயிரணுவுக்குள் உள்ள நுண்குழல்களைக் கட்டவிடாமல் தடுத்து, உணவு எடுக்க முடியாமல் ஆக்கும். இது மெதுவான வேலை, எனவே ஒரு வேளைக் குளிசை நாயிடம் சரிவர எடுபடாது. அல்பெண்டசோல் நாய் பூனைகளின் எலும்பு மச்சையைத் தாக்கி இரத்த அணுக்களைக் குறைத்த சம்பவங்கள் பதிவாகியுள்ளன. இந்தக் குடும்பத்தில் நாய்க்கு நம்பகமானது பென்பெண்டசோல்: கிலோவுக்கு 50 மி.கி., தொடர்ந்து 3 நாள், உணவோடு.

கேள்வி (பண்டாரவளை): அவசரம். நாய்க்கு வாங்கிய தெள்ளு மருந்தில் கொஞ்சம் பூனையின் கழுத்தில் விட்டேன். இப்போது காதும் முகமும் துடிக்கின்றன.

பதில்: டப்பாவில் பெர்மெத்ரின் என்றிருக்கிறதா பாருங்கள். இருந்தால் வெதுவெதுப்பான நீரில், பாத்திரம் கழுவும் திரவம் போட்டு, மருந்து விட்ட இடத்தை இரண்டு தரம் கழுவுங்கள். பாலோ எண்ணெயோ புகட்ட வேண்டாம், வாந்தியெடுக்க வைக்கவும் வேண்டாம். உடனே துவட்டி, கம்பளியில் சுற்றி, வைத்தியரிடம் புறப்படுங்கள். டப்பாவையும் கொண்டுபோங்கள்.

சூடு முக்கியம். பெர்மெத்ரின் நரம்பின் சோடியம் வாயில்களை மூடவிடாமல் பிடித்து வைக்கிறது, உடல் குளிர்ந்தால் அந்தப் பிடி கூடும். குளிர் நீரில் குளிப்பாட்டிவிட்டு ஈரத்தோடு விட்டால் வலிப்பு மோசமாகும். பூனையின் ஈரலில் இந்த நஞ்சை உடைத்து வெளியேற்றும் நொதி மிகக் குறைவு, அதனால் நாய்க்குப் பாதகமில்லாத அளவு பூனையைக் கொல்லும். நடுக்கம் இரண்டு மூன்று நாள் நீளலாம். தசையைத் தளர்த்தும் மெதோகாபமோல் போன்ற மருந்துகளோடு நேரத்துக்கு வைத்தியம் கிடைத்தால் பெரும்பாலான பூனைகள் பிழைத்துவிடும்.

நாய்க்குப் பெர்மெத்ரின் போட்டாலும், காயும்வரை வீட்டுப் பூனை அதோடு சேர்ந்து படுக்கக்கூடாது.

கேள்வி (கந்தப்பளை): மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் ஊசி மருந்து இருக்கிறது. சொறி பிடித்த நாய்க்கு எத்தனை சொட்டு? தோட்டத்துக்கு அடிக்கும் மருந்தைக் கலந்து குளிப்பாட்டலாம் என்றும் சொல்கிறார்கள். மண்ணெண்ணெயும் சொல்கிறார்கள்.

பதில்: மூன்றில் ஐவர்மெக்டின் மட்டுமே மருந்து. அதைச் சொட்டுக் கணக்கில் கொடுப்பது ஆபத்து. 1 சதவீத மருந்தில் ஒரு மி.லீற்றருக்கு 10 மி.கி. இருக்கிறது, இது நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள மாட்டுக்குச் செய்த செறிவு. சொறிக்கு வைத்தியர் கிலோவுக்கு 0.3 மி.கி. எழுதினால், 10 கிலோ நாய்க்கு 0.3 மி.லீ. அதை 3 மி.லீ. என்று ஏற்றினால் பத்து மடங்கு.

இந்த மருந்து புழு பூச்சிகளின் நரம்பிலுள்ள குளோரைட்டு வாயில்களைத் திறந்து முடக்குகிறது. நாயின் மூளையிலும் இதற்கு இடங்கொடுக்கும் வாயில்கள் உண்டு. ஆனால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள ஒரு புரதம் மருந்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். கொலி, ஒஸ்திரேலியன் ஷெப்பர்ட் போன்ற இனங்களிலும் அவற்றின் கலப்புகளிலும் பல நாய்களுக்கு அந்தப் புரதம் பழுதாகவே பிறக்கிறது. சின்னக் குட்டிகளுக்கு அது முற்றவில்லை. அளவு மீறினால் எந்த நாய்க்கும் அந்தத் தடை உடையும்: கண்மணி விரியும், தள்ளாடும், பார்வை போகும், மயங்கிவிடும். நேரடி மாற்றுமருந்து கிடையாது.

பயிருக்கு அடிக்கும் மருந்தைத் தோலில் பூசவே கூடாது. ஓர்கனோபொஸ்பேற் வகையென்றால் தோல் வழியாகவே ஏறி, எச்சில் ஒழுகி, கண்மணி சுருங்கி, வயிற்றால் போய், மூச்சு நின்றுவிடும். ஏற்கெனவே பூசியிருந்தால் கையுறை போட்டுக் கழுவிவிட்டு வைத்தியரிடம் ஓடுங்கள். அதற்கு அத்திரோப்பின் என்ற மாற்றுமருந்து இருக்கிறது, நேரம்தான் இருக்காது. மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும். நாய் அதை நக்கும்போது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும்.

சொறிக்கு இப்போது வழக்கமாகக் கொடுப்பது புளூரலானர், அபொக்சோலானர் போன்ற மெல்லும் குளிசைகள். விலை கூடத்தான். ஆனாலும் மாட்டு ஊசியில் நாயைப் பறிகொடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கேள்வி (நானுஓயா): மூன்று மாதக் குளிசை என்று கொடுத்தேன். ஆனாலும் தினமும் தெள்ளு பார்க்கிறேன். ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை. நாயின் மேல் இருப்பது உங்கள் வீட்டுத் தெள்ளுகளில் ஏறத்தாழ 5 சதவீதம்தான். மிச்சம் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாக நாய் படுக்கும் சாக்கிலும், சீமெந்துத் தரை வெடிப்பிலும், அடுப்படிச் சூட்டோரத்திலும் கிடக்கிறது. கூட்டுப்புழுவின் கூட்டுக்குள் எந்தத் தெளிமருந்தும் போகாது. மாதக்கணக்கில் உள்ளே காத்திருந்து, காலடி அதிர்வும் உடற்சூடும் பட்டதும் வெளியே பாயும். குளிர்ந்த இடத்தில் இந்த வளர்ச்சி மெதுவாகும், அதனால் நுவரெலியாப் பக்கம் கீழ்நாட்டைவிடக் கூடுதல் காலம் இழுக்கும்.

இந்தக் குளிசை தெள்ளு கடித்து இரத்தம் உறிஞ்சினால்தான் அதைக் கொல்லும். புதிதாக ஏறியது சில மணி நேரம் ஓடித் திரிந்துவிட்டுச் சாகும், அதைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். ஏறிய தெள்ளு முட்டையிடத் தொடங்க ஒரு நாளாவது ஆகும், அதற்குள் செத்துவிடுவதால் புதிய முட்டை விழாது. பழைய இருப்பு தீரும்வரை பொறுக்க வேண்டும்.

அதை விரைவுபடுத்த: சாக்கைக் கொதிநீரில் போட்டெடுங்கள் அல்லது எரித்துவிடுங்கள். வெடிப்புகளைத் தினமும் கூட்டி, குப்பையை எரியுங்கள். வீட்டிலுள்ள எல்லா நாய் பூனைக்கும், ஒவ்வொன்றுக்கும் உரிய மருந்தை, குறைந்தது மூன்று மாதம் இடைவிடாமல் போடுங்கள். லயத்தில் இருப்பவர்கள் பக்கத்துக் காம்பராக்காரர்களோடு பேசி ஒரே வாரத்தில் செய்ய வேண்டும். ஒரு காம்பராவில் மட்டும் செய்தால் அடுத்த காம்பராவின் நாய் திரும்பக் கொண்டுவரும்.

உங்கள் மூன்று மாதக் குளிசை புளூரலானர் என்றால், அதைச் சாப்பாட்டோடு கொடுத்தீர்களா என்பதையும் பாருங்கள். வெறும் வயிற்றில் அது சரியாக உறிஞ்சப்படாது. வலிப்பு வந்த வரலாறுள்ள நாய் என்றால், இந்தக் குடும்ப மருந்துகளைக் கொடுக்கும் முன் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கேள்வி (அப்புத்தளை): கழுத்தில் விடும் பிப்ரோனில் என்ற தெள்ளு, உண்ணி மருந்து மழைக்குக் கழுவுப்படுமா?

பதில்: விட்ட முதல் இரண்டு நாளில் நனைந்தால் வீணாகலாம். அந்த நேரத்தில் அது தோலின் எண்ணெயில் பரவி எண்ணெய்ச் சுரப்பிகளுக்குள் சேர்கிறது. சேர்ந்த பிறகு மழை பெரிதாகப் பாதிக்காது, அடிக்கடி சவர்க்காரம் போட்டால் குறையும். மருந்துக்கு முன்னும் பின்னும் 48 மணி நேரம் குளிப்பாட்டாதீர்கள். மயிரைப் பிரித்துத் தோலில் விடுங்கள், மயிரின் மேல் விட்டது பயன்படாது. முயலுக்கு இது நஞ்சு.

கேள்வி (பொகவந்தலாவை): உண்ணிக் குளிசை கொடுத்த நாய்க்கும் உண்ணிக் காய்ச்சல் வந்துவிட்டதே? அமிட்ராஸ் கழுவல் நல்லதா?

பதில்: உண்ணியும் கடித்த பிறகுதான் சாகிறது, ஒன்று இரண்டு நாள் எடுக்கலாம். உண்ணிக் காய்ச்சலைத் தரும் கிருமிகளில் பபேசியா பரவ, உண்ணி பொதுவாக இரண்டு நாளளவு ஒட்டியிருக்க வேண்டும், அதைக் குளிசை பெரும்பாலும் தடுக்கும். எர்லிச்சியா சில மணி நேரத்திலேயே பரவும், அதை முழுதாகத் தடுக்காது. எனவே குளிசை கொடுத்தாலும் தினமும் காது, விரலிடுக்கு, கழுத்துப்பட்டிக்கு அடியில் பார்த்து, நுனி மெல்லிய சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். நெருப்பு வைக்கவோ எண்ணெய் பூசவோ வேண்டாம். காய்ச்சல், வெளிறிய முரசு, கடும் சாயத் தேநீர் நிறத்தில் சிறுநீர் இருந்தால் இரத்தப் பரிசோதனை தேவை. இலங்கையில் அடிக்கடி காணப்படும் பபேசியா கிப்சோனி ஒரே ஊசியில் தீரும் நோயல்ல.

அமிட்ராஸ் 12.5 சதவீதத் திரவமென்றால் உண்ணிக்கு ஒரு லீற்றர் நீருக்கு 2 மி.லீ. அப்போதைக்கப்போது கலந்து, கையுறையோடு பூசி, கழுவாமல் காயவிட வேண்டும். காயும்வரை நக்க விடாதீர்கள். பூனைக்கும், மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கும், நீரிழிவுள்ள நாய்க்கும், உடம்பில் புண்ணுள்ள நாய்க்கும் கூடாது. அமிட்ராஸ் உடற்சூட்டையும் இதயத் துடிப்பையும் குறைக்கும். உங்கள் பக்கத்துக் குளிரில் மாலை நேரத்தில் பூசி வெளியே கட்டிவைத்தால் நாய் விறைத்துவிடும். வெயில் உள்ள முற்பகலில் செய்யுங்கள்.

கேள்வி (வெலிமடை): பூனையின் பின்பக்கத்தில் அரிசி போல ஒட்டியிருக்கிறது. மருந்து கொடுத்தால் போய், ஒரு மாதத்தில் திரும்ப வருகிறது. கொடுத்ததும் வாயில் நுரை தள்ளுகிறது.

பதில்: அந்த அரிசி நாடாப்புழுவின் துண்டு. பூனை தெள்ளைக் கடித்து விழுங்கும்போது வருகிறது, இன்னொரு வகை எலியைத் தின்னும்போது வருகிறது. பிரசிகுவாண்டல் ஒரு நாளில் உடலைவிட்டுப் போய்விடும், அடுத்த தெள்ளைத் தடுக்காது. மூன்று வாரத்தில் புதிய புழு வளர்ந்து துண்டு விடத் தொடங்கும். தெள்ளை ஒழிக்காமல் இது தீராது. நுரைக்குக் காரணம் மருந்தின் கசப்பு. குளிசையை உடைக்காமல், வெண்ணெய் தடவி, நாக்கின் அடிப்பகுதியில் வைத்து, பின்னால் 5 மி.லீ. நீர் புகட்டுங்கள்.

கேள்வி (கினிகத்தேனை): உண்ணி மருந்து அட்டைக்கும் வேலை செய்யுமா?

பதில்: செய்யாது. தோலில் கடித்ததற்கு உப்புநீர் போதும். ஓடையில் தண்ணீர் குடிக்கும் நாய், ஒரு மூக்குத் துவாரத்திலிருந்து மட்டும் இரத்தம் வரத் தும்மிக்கொண்டே இருந்தால் உள்ளே அட்டை இருக்கலாம். சில மணி நேரம் தண்ணீர் கொடுக்காமல் வைத்து, பிறகு அகலமான பாத்திரத்தில் நீரை முகத்தருகே பிடித்தால் அது தலை நீட்டும், சாவணத்தால் பிடித்து மெல்ல இழுக்கலாம். மூக்குக்குள் உப்போ புகையிலைத் தண்ணீரோ விடாதீர்கள். வராவிட்டால் வைத்தியர் மயக்கமருந்து கொடுத்து எடுப்பார்.

கேள்வி (கம்பளை): மலப் பரிசோதனைக்கு எப்படிக் கொண்டுபோவது?

பதில்: அன்றைக்குப் போட்ட மலத்தில் பெருவிரல் நுனியளவு, மண் படாததாக, மூடியுள்ள சின்னப் போத்தலில். உடனே கொடுக்க முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம், உறையவிடக் கூடாது. ஒரு நாளைத் தாண்டினால் கொக்கிப்புழு முட்டை பொரித்துவிடும், முடிவு தவறும். அருகிலுள்ள அரச மிருக வைத்திய நிலையத்தில் கேளுங்கள். உங்களுக்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலையும் தூரமில்லை.