150 ஏஎச் (ஆம்பியர் மணி) பேட்டரியும் இன்வெர்ட்டரும் வாங்கி நாமே இணைத்தால் எவ்வளவு நேரம் ஓடும்?

பேட்டரியின் 12 வோல்ட்டை 150ஆல் பெருக்கினால் 1800 வாட் மணி. அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் வடித்தால் ஆயுள் குறையும், ஆக 900. இன்வெர்ட்டர் தன் பங்குக்கு ஐந்தில் ஒன்றைத் தின்றால் மிச்சம் 720.

இரண்டு சாதாரண ஃபேன் (தலா 75 வாட்), மூன்று எல்இடி பல்பு, ஒரு ரவுட்டர், எல்லாம் சேர்ந்து சுமார் 190 வாட். நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். அதே ஃபேன்களை 30 வாட் பிஎல்டிசியாக (கரண்ட் குறைவாக இழுக்கும், பிரஷ் இல்லாத மோட்டார் ஃபேன்) மாற்றினால் ஏழு மணி நேரம்! இரண்டாவது பேட்டரிக்குச் செலவழிப்பதை ஃபேனுக்குச் செலவழிக்கலாம் என்பது என் கட்சி. ஃப்ரிட்ஜ், மோட்டாரை மறந்துவிடுங்கள். கிளம்பும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும்.

பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டியே ஃபியூஸ் போடுங்கள். ஷார்ட் ஆனால் எவ்வளவு கரண்ட் பாயும் என்பதற்கு ஓர் உதாரணம்: ஒருமுறை என் ஸ்பேனர் நழுவி இரண்டு முனையிலும் பட்டது. பொறி பறந்து, ஸ்பேனர் விளிம்பே உருகிவிட்டது. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அப்புறம், இன்வெர்ட்டர் அவுட்புட்டைச் சுவர் சாக்கெட்டில் சொருகும் 'குறுக்கு வழி' வேண்டவே வேண்டாம். கரண்ட் வெளி லைனுக்குத் திரும்பிப் போய், கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கும்.