ரோமிலிருந்து லண்டனுக்கு ஒரு நேர்கோடா?

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கும் என் பேத்தியின் நூலில், மேலை நாகரிகம் கிரேக்கத்தில் பிறந்து, ரோமில் வளர்ந்து, மறுமலர்ச்சிக் காலத்தில் மீண்டும் தளிர்த்து, இன்றைய ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் வந்தடைந்ததாக எழுதியிருக்கிறது. ரோமானியக் காசுகள் புதையலாகக் கிடைத்த வெள்ளலூர் நம் கோவைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ரோமுக்கு லண்டன் வாரிசு, நாம் அயலார் என்ற கணக்கு எப்போது வந்தது?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், கோபிசெட்டிபாளையம்

பதில்: வெள்ளலூரிலிருந்தே தொடங்கலாம், ஐயா. அங்கே கிடைத்த வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய பேரரசர்களின் காலத்தவை. டைபீரியஸ் கி.பி. 37இல் இறந்தார், ரோமானியப் படை பிரிட்டனைக் கைப்பற்றத் தொடங்கியதோ கி.பி. 43இல்தான். அதாவது, அந்தக் காசுகள் அச்சடிக்கப்பட்டபோது ரோமானியர் நிறுவிய லண்டன் நகரமே உருவாகியிருக்கவில்லை. எகிப்தும் சிரியாவும் அப்போதே ரோமின் மாகாணங்கள். செங்கடலைக் கடந்து சேரநாட்டுத் துறைமுகமான முசிறிக்கு வந்த வணிகத்தின் ஒரு கிளை பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்குநாட்டுக்குள் நுழைந்தது.

கிரேக்கரும் தம்மை 'ஐரோப்பியர்' என்று எண்ணிக்கொண்டவர்கள் அல்லர். வரலாற்றின் தந்தை எனப்படும் ஹெரோடோட்டஸ் பிறந்த ஊர் இன்றைய துருக்கியில் இருக்கிறது. அரிஸ்டாட்டிலின் கருத்து இது: குளிர்நாட்டு ஐரோப்பியருக்கு வீரம் உண்டு, அறிவு குறைவு. ஆசியருக்கு அறிவு உண்டு, வீரம் குறைவு. கிரேக்கரோ இருவருக்கும் நடுவே நிற்பவர்கள். பிற்பாடு அவருடைய நூல்களை அரபியில் பெயர்த்துக் காத்தவர்களில் பாக்தாத் அறிஞர்கள் முதன்மையானவர்கள். 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் டொலிடோ நகரில் அரபியிலிருந்து லத்தீனுக்குப் பல நூல்கள் சென்றன. ரோமப் பேரரசின் கிழக்குப் பாதியோ கான்ஸ்டான்டினோபிளில் 1453 வரை நீடித்தது. இவற்றையெல்லாம் தாண்டிக் குதித்தால்தான் உங்கள் பேத்தியின் நூலில் உள்ள கோடு நேராகும்.

கொங்குநாட்டினருக்குப் பாளையப்பட்டு வம்சாவளிகள், அதாவது பாளையக்காரர்களின் குலவரலாறுகள், புதியவை அல்ல. உரிமை கேட்க வேண்டிய நேரத்தில் முன்னோர் வரிசை முழுமையடையும். ஐரோப்பாவிலும் அதுதான் நடந்தது. கடல்கடந்த ஆட்சிகள் பெருகிய 18, 19ஆம் நூற்றாண்டுகளில், ஆள்வதற்கு நியாயம் தேவைப்பட்டபோது, இந்த வரிசை உறுதியாக எழுதப்பட்டது. நல்லதொரு ஐரோப்பிய நூலகத்தின் ஒரே அலமாரி இந்திய, அரேபிய இலக்கியம் முழுவதற்கும் ஈடு என்று, இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்கு வாதாடிய பிரிட்டிஷ் அதிகாரி மெக்காலே 1835இல் எழுதியது இந்த மனநிலையில்தான் (அரபியோ சமஸ்கிருதமோ தமக்குத் தெரியாது என்பதையும் அவரே அதே குறிப்பில் சொல்லிவிடுகிறார்!). பாடத்திட்டமாக அது வேரூன்றியது அமெரிக்காவில். முதல் உலகப் போரின்போது படைப் பயிற்சி மாணவர்களுக்குப் போரின் காரணங்களை விளக்க நடத்தப்பட்ட வகுப்பிலிருந்து, கொலம்பியா பல்கலைக்கழகம் 1919இல் ஒரு நாகரிகப் பாடத்தை உருவாக்கியது. மற்றக் கல்லூரிகளும் அவ்வழியே சென்றன. பனிப்போரில் 'மேற்கு' என்பது ராணுவக் கூட்டணியின் பெயராகிவிட்டது. 1952இல் நேட்டோவில் கிரேக்கத்துடன் துருக்கியும் சேர்க்கப்பட்டபோது, எல்லையை வகுத்தது நாகரிகம் அன்று, சோவியத் அச்சம்.

கேள்வி: அப்படியானால் மேலை நாகரிகம் என்பதை வெறும் கற்பனை என்று ஒதுக்கிவிடலாமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: முடியாது, அம்மா. பள்ளிகளும் சட்டங்களும் படைகளும் அதை நம்பி இயங்கியிருக்கின்றன. ஆளப்பட்டவர்களும் அதை ஏற்றார்கள். 'மேற்குக்குப் பொருள், கிழக்குக்கு ஆன்மிகம்' என்று நம்மவர் பலர் மேடைகளில் பெருமையுடன் பேசியது, ஆள்வோர் போட்ட கோடு அப்படியே இருக்க, மதிப்பெண்ணை மட்டும் மாற்றியதுதான். அந்தக் கோடே இல்லை என்று மறுத்தவர்களில் காந்தி ஒருவர். 1909 அக்டோபரில் தம் நண்பர் போலக்குக்கு எழுதிய கடிதத்தில், மேலை நாகரிகம் அல்லது ஐரோப்பிய நாகரிகம் என ஒன்று கிடையாது, நவீன நாகரிகம் ஒன்றுதான் உண்டு, அது முற்றிலும் பொருள்மயமானது என்கிறார். இந்தியாவை ஆள்வது பிரிட்டிஷ் மக்கள் அல்லர், ரயிலும் தந்தியும் தொலைபேசியுமாக வந்த அந்த நாகரிகமே என்பதும் அதே கடிதத்தில் இருக்கிறது. ஆனால் அடுத்த மாதமே கப்பலில் அமர்ந்து 'இந்து சுவராஜ்' எழுதியபோது, இந்திய நாகரிகத்தை வெல்ல உலகில் வேறொன்று இல்லை என்று அவரும் எழுதிவிட்டார்.