இரவு ஏறினால் காலையில் லண்டனா?

கேள்வி: ஜூலையில் லண்டனிலுள்ள மகளைப் பார்க்கப் போகிறேன். டிக்கெட்டில் இரவு 11-க்குப் புறப்பட்டு காலை 6-க்கு இறங்கும் என்று இருக்கிறது. ஏழு மணி நேரம்தானா? எனக்குச் சர்க்கரை வேறு.
- பால்மரம் வெட்டி ஓய்ந்த ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: இல்லை அம்மா, முழுசாக 14 மணி நேரம். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். கோடையில் லண்டன் நம் மலேசியாவுக்கு ஏழு மணி நேரம் பின்னால். கோலாலம்பூரிலிருந்து லண்டன் ஹீத்ரோ விமான நிலையம் சுமார் 10,600 கிலோமீட்டர். திரும்பும்போது ஒரு மணி நேரம் போலக் குறையும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும் பலத்த காற்று விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளும்.

சர்க்கரையோடு அவ்வளவு நேரம் உட்கார்ந்தே போகிறீர்கள், எனக்குக் கவலையெல்லாம் உங்கள் கால்தான். நடைபாதை ஓரத்து இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். அடிக்கடி எழுந்து நடங்கள். மாத்திரையும் மருந்துச் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். அப்புறம், கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு மதிய ரயிலையே பிடித்துவிடுங்கள்.