புரூட் ஃபோர்ஸ் முறையில் கடவுச்சொல்லையும் குறியாக்கச் சாவியையும் எப்படி உடைக்கிறார்கள்?

இதில் தந்திரம் எதுவும் இல்லை. சாத்தியமான எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக முயன்று பார்க்கும் அசராத பொறுமை மட்டும்தான். எண் மறந்துபோன சூட்கேஸின் மூன்று இலக்கப் பூட்டை 000, 001, 002 என்று உருட்டிக்கொண்டே போங்கள். நொடிக்கு ஒன்று வீதம் 17 நிமிடங்களுக்குள் திறந்தே தீரும். கணினியும் இதையேதான் செய்கிறது.

அமெரிக்க அரசு 1977இல் தரமாக அறிவித்த டெஸ் (DES), தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் ஒரு குறியாக்க முறை. அதன் சாவி 56 பிட் நீளம்; ஒவ்வொரு பிட்டும் 0 அல்லது 1. அதாவது, ஏறத்தாழ 720 கோடி கோடி சாவிகள். 1998 ஜூலையில் டிஜிட்டல் உரிமைகளுக்காக இயங்கும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு, இரண்டரை லட்சம் டாலருக்கும் குறைவான செலவில் கட்டிய இயந்திரம் நொடிக்குச் சுமார் 9,000 கோடி சாவிகளைச் சோதித்து, 56 மணி நேரத்தில் சரியானதைப் பிடித்துவிட்டது. சரியானது என்று அதற்கு எப்படித் தெரியும்? எனக்குப் பிடித்த இடமே இதுதான். தவறான சாவிக்குக் குப்பைதான் கிடைக்கும். எழுத்தும் இடைவெளியுமாக ஏதாவது தென்பட்டால் அந்தச் சாவியைத் தனியே எடுத்து மறுபடி சோதிப்பார்கள்.

ஒரு பிட் கூடினால் வேலை இரட்டிப்பாகும். 128 பிட் என்றால் 72 முறை இரட்டிப்பு. அங்கே இந்த வித்தை பலிக்காது.

கடவுச்சொல் கதை வேறு. தளத்தில் நேரடியாக முயன்றால் சில தவறுகளிலேயே கணக்கு பூட்டிக்கொள்ளும். ஆகவே, திருடிய ஹாஷ் கோப்பைத் தங்கள் கணினியில் வைத்துக்கொண்டு ஊகங்களை ஓட்டுவார்கள். ஹாஷ் என்பது கடவுச்சொல்லைத் திரும்பப் பெற முடியாதபடி மாற்றிய வடிவம்; ஒவ்வோர் ஊகத்தையும் அதேபோல் மாற்றி, பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். எட்டு ஆங்கிலச் சிற்றெழுத்துகள் என்றால் மொத்தமே சுமார் 20,883 கோடி சேர்க்கைகள்தான். 123456 வைத்திருப்பவருக்கு அவ்வளவுகூடத் தேவையில்லை, முதல் ஊகமே அதுதான்.