கோத்தகிரி இறக்கத்தில் ‘டங்’: ஷாக் அப்சார்பரை மாற்றும் முன்

கேள்வி: எங்களிடம் அப்பா காலத்து 1999 மாடல் மாருதி 800 இருக்கிறது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது, பள்ளத்தில் விழுந்தால் முன் இடது சக்கரத்தில் ‘டக் டக்’ என்று சத்தம். பிரேக் பிடித்தால் ‘டங்’ என்கிறது, வண்டியும் லேசாக இடப்பக்கம் இழுக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் முன் ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள். இந்த வேலையை வீட்டிலேயே செய்ய முடியுமா?

பதில்: செய்யலாம். ஆனால் எதை மாற்றுவது என்பதில் எனக்கு வேறு சந்தேகம் இருக்கிறது. பள்ளத்தில் வரும் சத்தத்தை விட, பிரேக்கில் வரும் அந்த ‘டங்’தான் துப்பு. ஷாக் அப்சார்பரின் வேலை மேலும் கீழும் ஆடுவதை அடக்குவது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னால் தள்ளப்படும். உங்கள் வண்டியில் அதைத் தாங்கிப் பிடிப்பது ஸ்டெபிலைசர் பார், அதாவது முன்பக்கம் இடமும் வலமும் இணைக்கும் வளைந்த இரும்புக் கம்பி. அதன் முனை லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கும் இரும்புக் கை) துளைக்குள் நுழைந்து, இரு பக்கமும் ரப்பர் புஷ் வைத்து நட்டால் முடுக்கப்பட்டிருக்கும். அந்த ரப்பர் தேய்ந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் சக்கரம் கொஞ்சம் நகர்ந்து இரும்பில் இரும்பு இடிக்கும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் வண்டி இழுக்கும். இது தெரியாமல் நானும் ஒருமுறை இரண்டு ஸ்ட்ரட்டையும் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த பாகம்) மாற்றி, அதே சத்தத்தோடு வீடு திரும்பியிருக்கிறேன்.

இடது பக்கம் முதலில் போவதும் நம் மலையில் சகஜம். குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழிவிட வேண்டும். எதிரே பஸ் வந்தால் நாம் ஒதுங்குவது இடப்பக்கம். தார் உடைந்த விளிம்பில் விழுந்து எழுவதும் அந்தச் சக்கரம்தான்.

சரி, உறுதி செய்வது எப்படி? முதலில் டயர் காற்றைச் சரிபாருங்கள்; காற்றுக் குறைவாலும் வண்டி இழுக்கும். அப்புறம் முன் மூலையை அழுத்தி விடுங்கள். மேலே வந்து நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தாலோ, ஸ்ட்ரட்டில் எண்ணெய் வழிந்திருந்தாலோ ஒர்க்‌ஷாப்காரர் சொன்னது சரி.

அடுத்து ஜாக் போட வேண்டும். மலையில் வீட்டு முற்றம் சமமாக இருப்பதே அபூர்வம். சரிவில் வண்டியைத் தூக்காதீர்கள். சமதரை இல்லையென்றால் இந்த வேலையே வேண்டாம். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். தூக்கியதும் ஜாக் ஸ்டாண்டில் இறக்குங்கள். ஹாலோ பிளாக்கை முட்டுக் கொடுக்கும் பழக்கம் இங்கே உண்டு. அது சொல்லாமல் நொறுங்கும்.

சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட் (லோயர் ஆர்ம் சக்கரப் பக்கம் சேரும் உருண்டை மூட்டு) என்று சந்தேகப்படலாம். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் டை ராட் எண்டை, அதாவது ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்கு வரும் கம்பியின் முனையைப் பாருங்கள். கடைசியாக ஸ்டெபிலைசர் முனைக்கும் லோயர் ஆர்முக்கும் நடுவே டயர் லிவரை விட்டு நெம்புங்கள். ரப்பர் பிளந்திருந்தாலோ முனை தாராளமாக நகர்ந்தாலோ உங்கள் ‘டங்’ அங்கேதான் இருக்கிறது.

அந்த புஷ் விலை அதிகமில்லை, இரு பக்கமும் மாற்றிவிடுங்கள். முந்தின இரவே துருப்பிடித்த நட்டுகளில் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிடுங்கள். நம் மழைக்கும் பனிமூட்டத்துக்கும் பழைய வண்டியில் ஒரு நட்டும் முதல் முயற்சியில் அசையாது. பாரின் முனை விடுபட வேண்டும் என்பதால் இரு முன் சக்கரங்களையும் தூக்கியே வேலை செய்யுங்கள். இல்லாவிட்டால் பார் முறுக்கிக்கொண்டு மல்லுக்கட்டும். புது ரப்பர் நுழைய மறுத்தால் சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸோ பழைய இன்ஜின் ஆயிலோ வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். துருவுக்கு நல்லது என்று வண்டிக்கு அடியில் ஆயில் அடிக்கிறார்களே, அதுவும் இந்த புஷ்களுக்கு எமன்தான்.

லோயர் ஆர்மின் உள்முனை புஷ்ஷும் போயிருந்தால் ஆர்மைக் கழற்றி லேத் பட்டறையில் அழுத்தி மாற்றிக்கொள்ளுங்கள். சுத்தியலால் அடித்து ஏற்றினால் புஷ் கோணலாகும். பால் ஜாயிண்ட் ஆடினால் ஆர்மையே புதிதாகப் போடுவேன். நட்டு கழலாமல் பூட்டும் காட்டர் பின்னைக் கழற்றினால் அதையே மறுபடி போடாதீர்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் முடுக்குவதில். சக்கரம் தொங்கும் நிலையிலேயே உள்முனை போல்ட்டை இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையில் நிற்கும், சீக்கிரமே கிழியும். தொங்கும்போது கைமுடுக்கு போதும். வண்டியைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தை நாலைந்து முறை அழுத்தி விட்டு, பாரம் சக்கரத்தில் இருக்கும்போதே முழுதாக இறுக்குங்கள். கைக்கு எட்டாவிட்டால் லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக் கொடுத்து, சக்கரம் வழக்கமாக நிற்கும் உயரத்துக்கு உயர்த்தி இறுக்கலாம்.

ஸ்ட்ரட்டே போயிருந்தால் வண்டியிலிருந்து கழற்றுவது வரைதான் வீட்டு வேலை. பிரேக் ஹோஸை கிளிப்பிலிருந்து விடுவியுங்கள், ஹோஸில் எந்தப் பாரமும் தொங்கக்கூடாது. ஸ்ட்ரட்டின் மேல்முனையில் நடுவில் இருக்கும் நட்டை மட்டும் தொடாதீர்கள். அதற்குள் அழுந்தியிருக்கும் ஸ்பிரிங் விடுபட்டால் முகத்தைப் பெயர்த்துவிடும். ஸ்பிரிங் கம்ப்ரெஸர் உள்ள பட்டறைக்கு அப்படியே எடுத்துப் போங்கள்.

முடித்ததும் நேரே மேட்டுப்பாளையம் கிளம்ப வேண்டாம். ஊருக்குள் மெதுவாக ஓட்டி, பிரேக் பிடித்துப் பார்த்து, நட்டுகளை ஒருமுறை சரிபார்த்துவிட்டு இறங்குங்கள். கீழே போன கையோடு வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். அதற்குப் பிறகும் பிரேக்கில் இழுத்தால் முன் டிஸ்க் பிரேக்கின் காலிபர் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பாகம்) சிக்கியிருக்கலாம். அதை பிரேக் தெரிந்தவரிடம் விடுங்கள்.