ஈசிஎம் வாங்கும் முன் ஒரு ஸ்கேனர் சோதனை

'என் டீசல் காருக்கு ஒன்பது வயது. ஓடும்போதே அணைந்துவிடுகிறது. அரை மணி நேரம் கழித்து ஸ்டார்ட் ஆகிறது. ஈசிஎம், அதாவது எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி, போய்விட்டது என்கிறார் மெக்கானிக். புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகளில் பழையது மலிவாகக் கிடைக்குமாம். வாங்கலாமா?' என்று கேட்கிறார் தாம்பரம் வாசகர்.

வேண்டாம். சூடானால் அணைவது, ஆறினால் ஓடுவது என்றால் என் சந்தேகம் முதலில் எஞ்சின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சார் மேல்தான். அதிலிருந்து சிக்னல் வராவிட்டால் எஞ்சின் சுற்றுவதே ஈசிஎம்முக்குத் தெரியாது, டீசலை விடாது. அடுத்த முறை அணைந்ததும், ஆறுவதற்குள் ஸ்கேனர் (ஈசிஎம்மோடு பேசும் சோதனைக் கருவி) போட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ஸ்கேனரில் ஆர்பிஎம் (எஞ்சின் சுற்றும் வேகம்) பூஜ்யத்திலேயே நின்றால் சென்சாரையோ அதன் வயரையோ பாருங்கள். ஈசிஎம்மோடு ஸ்கேனரால் பேசவே முடியவில்லையா? அப்போதும் அதற்கு மின்சாரம் போகும் ஃபியூஸ், மெயின் ரிலே, எர்த் மூன்றையும் பார்த்த பிறகுதான் ஈசிஎம்.

பழைய பெட்டி விற்பவர் 'நம்பர் ஒன்றுதான் சார், மாட்டினால் ஓடும்' என்பார். ஓடாது. அதில் பதிந்திருப்பது வேறொரு காரின் சாவி. 'இம்மொபிலைசரைத் தூக்கிவிடுகிறேன்' என்பார் அடுத்து. அதாவது உங்கள் காரின் திருட்டுப் பூட்டைக் கழற்ற நீங்களே காசு கொடுக்கிறீர்கள்! போதாததற்கு, டீசல் கார்கள் பலவற்றில் டீசலைப் பீய்ச்சும் ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் ஒரு குறியீடு (code) இருக்கும். அதை ஈசிஎம்மில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் புகை, தட்டல், நடுக்கம். அப்புறம் இன்ஜெக்டரும் போச்சு என்று அதற்கு ஒரு பில் வரும்.

கார் வெள்ளத்தில் நின்றிருந்தால் மட்டும் கதை வேறு. 2023 டிசம்பரில் உங்கள் பக்கம் பல கார்கள் மூழ்கினவே, உங்களுடையதும் நின்றதா? தண்ணீர் வடிந்து மாதங்கள் கழித்துக்கூடப் பின்களில் பச்சை பூக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஈசிஎம் கனெக்டரை உருவிப் பாருங்கள். பச்சை கனெக்டரோடு நின்றிருந்தால் சுத்தம் செய்தாலே சரியாகலாம். பெட்டிக்குள் இறங்கியிருந்தால் மெக்கானிக் சொன்னது சரி, மாற்றத்தான் வேண்டும். வெளியே சுத்தமாக இருந்தும் உள்ளே ஈரம் ஏறிய பெட்டிகளையும் பார்த்திருக்கிறேன். திறந்து பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஷோரூம் பக்கம் போனாலோ, சோதிக்கப் பொறுமையில்லை. 'மாற்றிப் பார்ப்போம்' என்பார்கள்; தப்பான பார்ட் என்றால் திருப்பி எடுக்க மாட்டார்கள். சோதனை மென்பொருளை வெளி மெக்கானிக்கிடம் கொடுக்கவும் கம்பெனிக்கு மனசில்லை. அவர் ஊகிக்காமல் என்ன செய்வார்?

மாற்றியே ஆக வேண்டுமென்றால் உங்கள் காரிலிருந்து கழற்றிய பெட்டியைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். சாவி விவரமும் இன்ஜெக்டர் குறியீடும் பெரும்பாலும் அதிலிருந்தே எடுத்துவிடலாம்.